கை நடுங்கி வீட்டு முதல் குடம்

என் தம்பி ஈஸ்வரன் கையில் டீ டம்ளர் நிற்காமல் போனது மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஐப்பசியில். அப்போது அவனுக்கு நாற்பத்தொரு வயது. ஜேடர்பாளையத்துப் பக்கம் எங்கள் காட்டில் வாழையும் மஞ்சளும் வைத்திருக்கிறான். நான் அவனுக்கு மூத்தவள், சரஸ்வதி. பள்ளிபாளையத்தில் வாழ்க்கைப்பட்டு, வீட்டோடு தையல் கடை நடத்துகிறேன். அம்மனை நம்பி வாழும் உங்களிடம் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. பெருமையாகவே சொல்கிறேன்.

டம்ளர் நடுங்கியபோது எங்கள் வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை. ஊரில் எங்களுக்குப் பெயரே 'கை நடுங்கி ஊடு'. பத்திரிகை வைக்க வருகிறவர்கள்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் வழி கேட்பார்கள்.

அந்தப் பெயர் வந்த கதை இது. செல்லாண்டியம்மனுக்குப் பங்குனி நோம்பித் திருவிழாவில் காவிரியிலிருந்து முதல் தீர்த்தக்குடம் எடுத்து வரும் உரிமை எங்கள் குடும்பத்துக்கு இருந்தது. எங்கள் அப்பாவின் தாத்தா, பூட்டன் என்று சொல்வோம், ஒரு வருஷம் கோயில் வாசலில் குடத்தைக் கீழே போட்டுவிட்டார். சுத்தமில்லாமல் தொட்டார், அம்மன் கையைத் தட்டிவிட்டாள், அதனால்தான் கை நடுங்குகிறது, வம்சத்தையே அது விடாது என்று ஊர் பேசியது. குடமும் வேறு வீட்டுக்குப் போனது. பிறகு பூட்டனின் மகளுக்கு நடுக்கம் வந்தது. மகனை, அதாவது எங்கள் தாத்தாவை, விட்டுவிட்டு எங்கள் அப்பாவுக்கு வந்தது. அப்பா கடைசி வரை கையைத் துண்டுக்குள் மறைத்தே வாழ்ந்து போய்ச் சேர்ந்தார்.

இப்போது தம்பி. "சரசு பக்திக்காரி, அதான் அம்மன் அவளை உட்டுட்டா" என்று சொந்தத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் தம்பி மட்டும் பக்தியில் குறைந்தவனா?

சேலத்தில் ஒரு டாக்டர் பார்க்கின்சன் நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். தம்பி அதைப் பிரிக்கவே இல்லை.

"அம்மன் குடுத்ததை மாத்தரை போட்டு மறைச்சா இன்னும் கோவந்தானுங்கக்கா வரும்" என்றான்.

வெள்ளிக்கிழமை தோறும் மண்சோறு சாப்பிட்டான். நடக்கும்போது கால் இழுத்தது. அடுத்த வருஷ மார்கழியில், வாய்க்கால் மேட்டில் வரும்போது கை இறுகிப்போய், மொபெட்டோடு ஓடுகிற தண்ணீருக்குள் விழுந்தான். பக்கத்துக் காட்டில் களை வெட்டிய பெண்கள் முந்தானையை வீசி இழுத்துப் போட்டார்கள். இல்லையென்றால் அன்றே எங்கள் கதை முடிந்திருக்கும்.

நேராகக் கோயிலுக்குப் போனேன். கும்பிடவில்லை. சண்டை போட்டேன்.

"ஏஞ்சாமி, இது நீ பண்ணுனதா? ஆமான்னா ஆமான்னு சொல்லிப்போடு, தலையைக் குடுத்தாவது தீர்த்துப்போடறேன். இல்லீன்னா, நீ பண்ணுலைன்னு எந்தம்பி நம்பறாப்புல சொல்லு."

அவனைக் குணமாக்கு என்றுகூட நான் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்விக்குப் பதில்தான் கேட்டேன்.

தை பிறந்ததும் தம்பியிடம், எனக்கும் அது வருமா என்று பார்க்க வேண்டும், துணைக்கு வா என்றேன். தனக்காக என்றால் வந்திருக்க மாட்டான். அக்காவுக்காக என்றதும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டான். கோயம்புத்தூரில் நரம்பு டாக்டரம்மா ஒருவர் எங்கள் இருவருக்கும் மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுத்தார். எங்கள் வம்சத்தில் யார் யாருக்கு நடுக்கம் என்று பொறுமையாகக் கேட்டு, கிளை கிளையாக வரைந்துகொண்டார். முடிவு வர மாசிக்கு மேல் ஆனது. மறுபடியும் இருவரும் போய் அவர் முன் உட்கார்ந்தோம்.

"ஒரே மரபணுவுல ஒரே மாத்தம், உங்க ரெண்டு பேருக்குமே இருக்குங்க" என்றார். "அப்பா வழியா வந்திருக்கணும். இது இருந்தா நோய் வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட அதிகம். ஆனா வந்தே தீரும்னு இல்லை. உங்க தாத்தாவுக்கும் இருந்திருக்கணும், அவருக்கு வரலையே. ஏன் ஒருத்தருக்கு வருது, இன்னொருத்தருக்கு வரலைன்னு எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியாது."

தம்பி என் பக்கம் திரும்பினான். "அக்கா, உங்களுக்குமா?"

உண்மையாகவே பயந்தேன். அம்மன் விட்டுவைத்தவள் என்று பெயர் வாங்கிய என் ரத்தத்திலும் அதேதான் ஓடுகிறது. ஆனால் தம்பிக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

"மொதல்ல பூட்டனுக்கு குடம் உழுந்த பொறவுதானுங்களே நடுக்கம் வந்துச்சு?" என்று கேட்டான்.

"குடம் விழறதுக்கு முன்னாடி அவர் கை நல்லா இருந்துச்சா? யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?" என்றார் டாக்டரம்மா.

அந்த நிமிஷம்தான் எனக்கு அந்தக் கல்யாணக் கதை ஞாபகம் வந்தது. விசேஷ வீடுகளில் சிரிப்பதற்காக நாங்கள் சொல்லும் கதை அது. பூட்டன் தன் மகள் கல்யாணத்தில் அட்சதையைத் தூவப் போய், பொண்ணு மாப்பிள்ளை மேல் ஓர் அரிசிகூட விழாமல் தன் மடியிலேயே கொட்டிக்கொண்டாராம். அந்த மகள் முதல் பிரசவத்துக்கு வந்திருந்தபோதுதான் குடம் விழுந்தது. இரண்டு கதையையும் இத்தனை வருஷமாக நாங்களே சொல்லிக்கொண்டிருந்தோம். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "குடம் உழுந்து கை நடுங்குல சாமி. கை நடுங்கித்தான் குடம் உழுந்துச்சு."

அவன் டாக்டரம்மா முன்னாலேயே அழுதான். நானும் அழுதேன். நான் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். அந்தக் கல்யாணக் கதையை அந்நேரத்துக்கு என் நாக்கில் கொண்டுவந்து வைத்தவள் செல்லாண்டி. தற்செயல் என்கிறவர்கள் அப்படியே சொல்லிக்கொள்ளட்டும். எங்கள் மேல் விழுந்த பழியைவிடப் பெரிய பழி அவள் மேல் அல்லவா கிடந்தது! கும்பிட வந்தவன் கையை முடக்கினாள் என்று சொன்னோமே, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

ஊருக்குத் திரும்பியதும் தம்பி மாத்திரையைத் தொடங்கினான். நோய் போய்விட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நடுக்கம் இருக்கிறது. ஆனால் கால் இழுப்பது குறைந்தது. டம்ளரை வாய்க்குக் கொண்டு போகிறான். பழையபடி காட்டுக்குப் போகிறான்.

போன பங்குனிக்கு முன் பூசாரி அய்யனிடம் போய், முதல் குடம் நாங்கள் எடுக்கலாமா என்று அவனே கேட்டான்.

"அம்மன் வேண்டாம்னு எப்பச் சொன்னா? நாமதான சொல்லிக்கிட்டோம். வந்து எடு சாமி" என்றார் அவர்.

காவிரியில் மொண்டு, மேளத்தோடு நடந்து வந்தோம். முன்னால் அவன், பின்னால் நான். கோயில் படியேறும்போது அவன் கை நடுங்க ஆரம்பித்தது. தண்ணீர் தளும்பி அவன் தோளில் வழிந்தது. ஊரே மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. என் தம்பி கையை மறைக்கவில்லை. நின்றான், மூச்சு வாங்கினான், அடுத்த படி ஏறினான். பூசாரி குடத்தை வாங்கி அம்மன் தலையில் ஊற்றியபோது எழுந்த குலவைச் சத்தத்தில் எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. இப்போது கை நடுங்கி வீடு என்றால் நான் நிமிர்ந்து, ஆமாங்க, முதல் குடத்துக்காரர் வீடு என்கிறேன்.

உங்கள் வீட்டு நோயையும் யாராவது சாமிக்குத்தம் என்று சொன்னால், அவளிடமே போய்க் கேளுங்கள். அவள் காட்டும் டாக்டரிடமும் கேளுங்கள். பதில் வரும், நம்புங்கள்.

என் கை இன்றுவரை உறுதியாக இருக்கிறது. ஊசியில் நூலை நானேதான் கோக்கிறேன். நாளை நடுக்கம் வரலாம், வராமலும் போகலாம். அடுத்த பங்குனிக்கு முதல் குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். நடுங்குகிற கையாக இருந்தாலும் அந்தக் கையால்தான் எடுப்பேன், அவள் வாங்கிக்கொள்வாள்.