கடலைத்தோட்டுக் கரி

ஊருக்கு மேற்கே நூலுக்குச் சாயம் போடும் பட்டறை இருக்கிறது. நூலில் ஏறாத சாயத்தை ஓடையில் விட்டார்கள். கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசல், விட்டதையெல்லாம் உள்ளே வாங்கிக்கொண்டது. எங்கள் கிணற்று வாளியில் ஒரு நாள் ரோஜா நிறம் வரும், ஒரு நாள் நீலம். குடிக்க லாரித் தண்ணீர். குளிக்க அந்தக் கிணறுதான். இரண்டு வயது மகளைக் குளிப்பாட்டினால் முழங்கால் மடிப்பெல்லாம் தடித்துச் சிவந்தது.

நான் வேதியியல் படித்தவள். புகார் எழுதத் தெரியும். எழுதவில்லை. என் கணவருக்கு அந்தப் பட்டறையில்தான் வேலை.

கரி சாயத்தை இழுத்துக்கொள்வதைக் கல்லூரி ஆய்வகத்தில் பார்த்திருக்கிறேன். கோவில்பட்டியில் கடலை உடைக்கிற மில்லிலிருந்து ஒரு சாக்குக் கடலைத்தோடு வரவழைத்தேன். மூடிய தகரத்தில் கருக்கி, இடித்து, கழுவி, அடியில் ஓட்டை போட்ட பானையில் மணலோடு நிரப்பினேன். மேலே ரோஜாத் தண்ணீர் ஊற்றினால் கீழே கண்ணாடிபோல் சொட்டியது.

"தேத்தாங்கொட்டை உரசுனாக்கூட இம்புட்டுத் தெளியாதே ஏளா!" என்றார் அத்தை.

ஊருணியின் கலங்கல் தண்ணீர்க் குடத்தில் தேத்தாங்கொட்டையை உரசி வைத்து, தெளிந்ததும் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். தெளிந்தால் நல்ல தண்ணீர். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. படித்த நானும் கேட்கவில்லை.

கணவர் பெருமையாக முதலாளியிடம் சொல்ல, அவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "படிச்ச பிள்ளைன்னா இப்படில்லா இருக்கணும்! எப்படிச் செய்யுதேன்னு சொல்லும்மா." எவ்வளவு கரி, எத்தனை தடவை கழுவ வேண்டும் என்று எல்லாம் சொன்னேன். காபியும் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் பட்டறையின் கழிவுநீர் வாயில் ஒரு சிமெண்டுத் தொட்டி வந்தது, உள்ளே கடலைத்தோட்டுக் கரியோடு. ஓடை தெளிந்தது. சோதிக்க வந்த அதிகாரி ஒரு பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார், போய்விட்டார். மெல்ல மெல்லக் கிணறும் தெளிந்தது. மகளின் கால் மட்டும் ஆறவில்லை. சொறிந்து சொறிந்து ரத்தம் கட்டியது.

கிணற்றுத் தண்ணீரில் ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. சாயத்தோடு மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டுவார்கள். கரி நிறத்தைத்தான் பிடிக்கும், உப்பை விட்டுவிடும். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"தண்ணி பளிங்காட்டம் வருது. பிள்ளைக்கு உடம்புச் சூடா இருக்கும்," என்றார் அத்தை. ஊரே அதைத்தான் சொன்னது. அந்த நிறம்தான் எங்களுக்கு இருந்த ஒரே சாட்சி. அதை நானே கழுவித் துடைத்துக் கொடுத்திருந்தேன்.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கிணற்றுத் தண்ணீர் ஒரு தம்ளரோடு பட்டறைக்குப் போய் முதலாளியிடம் நீட்டினேன்.

"அண்ணாச்சி, ஒரு வாய் குடிங்க."

"இப்பத்தாம்மா டீ குடிச்சேன்." சிரித்தபடி தம்ளரை வாங்கி, பக்கத்தில் நின்ற என் கணவரிடம் நீட்டினார். "ஏலே, ஒம் பொண்டாட்டி ஆசையாக் கொண்டாந்திருக்கா. நீ குடி."

அவர் வாங்கிக்கொண்டார். குடித்தும் இருப்பார், அப்படிப்பட்ட மனிதர். நான் பிடுங்கித் தரையில் ஊற்றினேன்.

"அவிய எதுக்குக் குடிக்கணும்? எம் பிள்ளை காலப் பாத்துட்டு நீங்க குடிங்க!"

"சத்தம் போடாதம்மா. தொட்டி கட்டச் சொல்லிக்கொடுத்ததே நீதானே?"

காலித் தம்ளரோடு திரும்பி நடந்தேன். வீடு வரும்வரை முதலாளி மேல் எரிந்ததா, என் மேல் எரிந்ததா என்று பிரிக்க முடியவில்லை.

இரும்புக் கடாயில் அந்தத் தண்ணீரை ஊற்றி, வற்ற வற்ற மறுபடி ஊற்றிக் காய்ச்சினேன். கறுப்புக் கடாயின் அடி முழுக்க வெள்ளையாகப் பொருக்குக் கட்டியது. பிறகு கலெக்டருக்கு மனு எழுதினேன். தொட்டியின் செய்முறையைச் சொன்னவள் நான் என்பதே முதல் வரி.

கணவர் இரண்டு முறை வாசித்தார். "எனக்கு வேலை போயிரும்ட்டி."

தூங்கிக்கொண்டிருந்த மகளின் பாவாடையை முழங்கால் வரை விலக்கினேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை, மனு வாங்கும் நாள். கணவர் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே குரல் கொடுத்தார்.

"ஏட்டி, கடாயக் கழுவிராத. அப்படியே எடுத்துட்டு வா."