ஆப்பிள் வாசனையில் ஓர் இருமல்

போன சனிக்கிழமை ஆப்பிள் குடித்தேன். கடிக்கவில்லை... குடித்தேன்.

துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் நண்பன் ரியாஸ், பெட்டிக்குள் துணி சுற்றி ஒரு கண்ணாடி ஹூக்கா கொண்டுவந்திருந்தான். அவன் வீட்டார் நெல்லிக்குப்பத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்க, இருட்டியதும் அவர்கள் குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில் கூடினோம். ரியாஸ், நான், சேகர். சேகர் நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. பள்ளியில் என் பெஞ்சுக்காரன், படிப்பைப் பாதியில் விட்டவன்.

ரியாஸ் இடுக்கியில் கரித்துண்டைப் பிடித்துப் பற்றவைத்தான்.

“திருநெல்வேலிக்கே அல்வான்னுவாங்க. நீ நெய்வேலிக்கே கரி எடுத்துகினு வந்துட்டியேடா!” என்றான் சேகர்.

“பேசாம இழு மச்சான். சிகரெட் இல்ல இது. ஆப்பிள்டா, பழம்!”

முதலில் நான். தொண்டையில் யாரோ கம்பளியைத் திணித்த மாதிரி... இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, குழாயை விட்டுவிட்டேன். இருவரும் சிரித்தார்கள். அடுத்து சேகர். அவனும் இருமினான். நாங்கள் சிரித்தோம்.

சிரிப்பு நின்றது. இருமல் நிற்கவில்லை.

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் குனிந்துவிட்டான். முதுகைத் தடவினேன் — சட்டைக்குள் எலும்புதான் தட்டுப்பட்டது. எப்போது இப்படி இளைத்தான்? பார்த்துக்கொண்டேதானே இருக்கிறோம்?

ஓய்ந்ததும் என்ன செய்தான் தெரியுமா? மறுபடியும் குழாயை எடுத்தான்.

“போதும்டா!”

“இருடா, சட்டையில வாசம் ஏறட்டும். வூட்ல கலா நச்சரிச்சிகினே இருக்கிறா. இன்னிக்கு ஹூக்காவால இருமல்னு சொல்லிக்கலாம்ல?”

கலா அவன் மனைவி. அவள் நச்சரிப்பது ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி. அவன் போகாததற்குக் காரணம், அடுத்த வாரம் கம்பெனியில் நடக்கப்போகும் மெடிக்கல் செக்கப். அதில் தேறினால் பர்மனென்ட். வருடக்கணக்காகக் காத்திருந்த வேலை.

“நீ படிச்சவன், சொல்லு. எக்ஸ்ரேல ஏதாவது தெரிஞ்சா, ‘ஹூக்கா புகைதான் சார், ரெண்டு நாள்ல போயிடும்’னு சொன்னா டாக்டரு ஒத்துக்குவாரா?”

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். மருந்துச் சீட்டிலிருந்து பேங்க் மெசேஜ் வரை எல்லார் சந்தேகமும் என்னிடம்தான் வரும். எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். ஆனால் சேகர் கேட்டது... படிக்காதவன் கேட்கிற கேள்வியா அது? இல்லை... பயந்தவன் கேட்கிற கேள்வி.

“மொதல்ல ஒரு டாக்டரைப் பாருடா” என்றேன்.

“பார்த்தா சீக்குன்னு எழுதிடுவாரு. அப்புறம் பர்மனென்ட்டும் இல்ல, கான்ட்ராக்ட்டும் இல்ல.”

பைக்கில் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். கதவைத் திறந்த கலா எதுவும் கேட்பதற்குள் அவனே முந்திக்கொண்டான். “ரியாஸ் ஹூக்கா குடுத்தான்டி. அதான் இருமல்.”

கலா அவன் சட்டையை மோந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“ரியாஸ் அண்ணன் ஊர்லேர்ந்து எப்பண்ணா வந்தாரு?”

“போன வாரம்தாம்மா.”

“இது ஆடி மாசத்துலேர்ந்து இருமிகினு இருக்குதே?”

நான் பைக் சாவியைப் பார்த்தேன். அவன் செருப்பைப் பார்த்தான்.

“மெடிக்கல் முடியட்டும்டி...”

“பர்மனென்ட் ஆவுறதுக்கு ஆளு வேணாமா?”

திங்கட்கிழமை கடலூர் ஆஸ்பத்திரிக்கு அவனை இழுத்துக்கொண்டு போனாள். டி.பி.! ஆறு மாதம் விடாமல் மாத்திரை போட்டால் குணமாகிவிடுமாம். வேலை? அதற்கு எந்த டாக்டர் பதில் சொல்வார்? நாளை மறுநாள் மெடிக்கல். போவதா வேண்டாமா என்று என்னைத்தான் கேட்கிறான். எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஒரே குழாயில் மூன்று வாய்... நானும் ரியாஸும் சளி டெஸ்ட்டுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

சேகர் மாத்திரை போட ஆரம்பித்துவிட்டான். விழுங்கியதும் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்கிறாளாம் கலா.

புருஷனை நம்புகிறாள். அவன் வாயைத்தான் நம்பவில்லை.