படிக்கட்டில் அடக்கிய மூச்சு

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மாடிக்கு எப்படி வந்தது என்று என்றாவது கேட்டிருக்கிறீர்களா?

தம்மண்ணனின் முதுகில் ஏறித்தான் வந்திருக்கும். சுமை தாங்கும் பட்டையை நெற்றியில் மாட்டிக் குனிந்து, பெட்டியை முதுகில் வாங்கி, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து உதட்டைப் பூட்டுவார். அடுத்த தளத்தில் கால் பதியும்வரை அந்தப் பூட்டு திறக்காது. "தம் கட்டுனாத்தான் முதுகு நிக்கும்" என்பது அவர் சித்தாந்தம். பெயரும் அதனால் வந்ததுதான். கீழ்ப்பக்கம் தாங்கி வரும் மைத்துனனோடு ஓயாத பந்தயம் வேறு: முதலில் மூச்சு விடுகிறவர் டீ வாங்க வேண்டும்.

"போன ஜென்மத்துல மீனா பொறந்திருப்பீங்க மாமா."

"மீனும் மூச்சு விடும்டா. நீ போய் டீ சொல்லு."

ஒருநாள், அவர்கள் ஃப்ரிட்ஜ் ஏற்றப் போன கட்டடத்தில் லிஃப்ட் நன்றாகவே ஓடியது. அதுதான் கொடுமை. உள்ளே பதித்த கண்ணாடியில் கீறல் விழுமாம். 'சாமான் ஏற்றக் கூடாது' என்று பலகை. நாய்க்குட்டியை இடுக்கிக்கொண்டு ஒருவர் அதில் ஏறிப் போனார். இவர்கள் படியேறினார்கள்.

திருப்பத்தில் பெட்டியின் மூலை சுவரில் மாட்டிக்கொண்டது. விட்டால் மைத்துனன் மேல் விழும். தம்மண்ணன் அடக்கிய மூச்சை இன்னும் இறுக்கி, முழு பலத்தையும் கூட்டி முக்கினார். பெட்டி நகர்ந்தது. வலது கண்ணின் நடுவில் சிவப்பாக ஏதோ கொட்டிப் பரவியது. வலியே இல்லை.

"லைட்ட யாருடா அணைச்சது?"

"எரிஞ்சுகிட்டுதான் மாமா இருக்கு."

"எவன் கண்ணு பட்டுச்சோ" என்றாள் மனைவி. அவரும் நம்பினார். பட்ட திருஷ்டி தானாகக் கழிந்துவிடும் என்று அந்த வாரம் முழுக்கப் பாரம் தூக்கினார். எவன் கண்ணும் படவில்லை. மூச்சை அடக்கி முக்கியபோது ஏறிய அழுத்தத்தில் விழித்திரையின் மெல்லிய ரத்தக்குழாய் வெடித்திருந்தது. அன்றே தூக்குவதை நிறுத்தியிருந்தால் கசிந்த ரத்தம் பெரும்பாலும் தானாகக் கரைந்திருக்கும் என்றார் டாக்டர். மறுபடி மறுபடி கசிந்திருக்கிறது; இனி எவ்வளவு பார்வை திரும்பும் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"அன்னிக்கு நான் தோத்திருக்கலாம் மாமா."

"நீ தோத்தா மட்டும் நான் மூச்ச விட்டிருப்பேனா?"

காலையில் நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்க்கிறார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறை. ஓரத்தில் காது மட்டும் தெரிகிறது.

"தோடு போட்டிருக்க."

"வேற?" என்று அவள் கேட்பதில்லை.

இப்போதும் வண்டியோடு வருகிறார், தூக்குவதில்லை. படிக்கட்டின் அடியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மேலே ஏறும் மைத்துனனைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துகிறார்: "மூச்ச விடு மாப்ள! விடுறா மூச்ச!"

அந்தக் குரல் உங்கள் படிக்கட்டில் கேட்டால், தயவுசெய்து எழுந்து போய் லிஃப்ட் கதவைத் திறந்து பிடித்துக்கொள்ளுங்கள்.