யன்னல் கரைக் கட்டில்

சிவநேசத்தின்ரை வீட்டில அருமைநாதன் எண்ட பேரை எடுக்கக் கூடாது. அது வேற ஆரின்ரையும் பேரில்லை, அவளின்ரை கூடப்பிறந்த அண்ணன்ரை பேர். முந்தி மூச்சுக்கு மூச்சு அண்ணை, அண்ணை எண்டவள். இப்ப நாலு வருசமாய் ரொறன்ரோ எண்டு ஆரும் வாய் திறந்தாலே எழும்பிக் குசினிக்கை போயிடுவாள். சனத்துக்கென்ன, வாய் சும்மா கிடக்காது. போன கிழமை டொலார்ட் முருகன் கோயிலில சாப்பாட்டு வரிசையில நிக்கேக்கை ஒருத்தி எனக்கே சொல்லுறா, “வளத்து ஆளாக்கின தமையனைத் தூக்கி எறிஞ்சவள், அவளுக்கு அவ்வளவு தலைக்கனம்” எண்டு. எனக்கு வந்த விசருக்குக் கையில இருந்த சோத்தை அவவின்ரை தலையில கவிட்டிருப்பன். கோயிலெண்டபடியால் விட்டனான். அதுதான் நடந்ததை நடந்தபடி சொல்லிப்போடுவம் எண்டு இருக்கிறன்.

என்ரை பேர் இந்திராதேவி. மொன்றியலில, நோத்ர-டாம்-த-கிரேஸில சிவநேசத்தின்ரை வீட்டுக்கு நேர கீழ் வீடு எனக்கு. அவள் ஆஸ்பத்திரிக் குசினியில வேலை. தலையில வலைத்தொப்பி போட்டு, நோயாளியளுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கி, வண்டில் தள்ளுற வேலை. புருசன் தியாகராசா ஊரிலயே காலமாயிட்டார். கைக்குழந்தையோடை நிண்டவளை இங்கை கூப்பிட்டு எடுத்தது அருமைநாதன்தான். ஊரில சின்ன வயசில தகப்பன் செத்தாப் பிறகு சிவநேசத்தைச் சைக்கிளில ஏத்திப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டதும் அந்தாள்தான். இல்லையெண்டு சொல்லேலாது, செய்ததைச் செய்தது எண்டுதான் சொல்லவேணும். பேந்து அருமைநாதன் குடும்பத்தோடை ரொறன்ரோவுக்குப் போயிட்டார். இவள் ஆஸ்பத்திரி வேலையை விட மனமில்லாமல் இங்கையே நிண்டிட்டாள்.

மகள் சாம்பவியை அவள் பலே எண்ட வெள்ளைக்காரரின்ரை ஆட்ட வகுப்பில சேர்த்தது டான்ஸ் பழக்க எண்டு நினைக்காதேங்கோ. எங்கடை தெருமுனையில ஒரு தேவாலயம், அதுக்குக் கீழ ஒரு மண்டபம். பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு அங்கை சின்னப் பிள்ளையளுக்கு பலே சொல்லிக் குடுப்பினம். தாய் வேலையால வருமட்டும் பிள்ளை குளிருக்கை நிக்காமல் ஒரு இடத்தில நிக்கட்டுமெண்டு பிள்ளை பாக்கிற கார்டெரிக்குப் பதிலாய் அங்கை விட்டவள். பிள்ளை என்னடாவெண்டால் அதைப் பிடிச்சவள் விடேல்லை. அடுப்பில சோறு வேகுமட்டும் குசினி மேசை விளிம்பைப் பிடிச்சுக்கொண்டு காலை மடக்குறதும் நிமித்துறதும்தான். குதிக்கத் தொடங்கினா என்ரை முகடு அதிரும். நான் தும்புத்தடியை எடுத்து மேல இடிப்பன். கொஞ்ச நேரம் சத்தம் நிக்கும். பிறகும் குதிப்பாள். அவளுக்கு நான் ஒரு பொருட்டே இல்லை.

பிள்ளைக்குப் பன்னிரண்டு வயசாகேக்கை, வகுப்பு எடுத்த மடாம் லூசி சிவநேசத்தைக் கூப்பிட்டுக் கதைச்சவ. எனக்கு இங்கிலீசும் கொஞ்சம் பிரெஞ்சும் ஓடுமெண்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். இந்தப் பிள்ளை விளையாட்டுக்கு ஆடுற பிள்ளை இல்லை, இனி பலேக்கெண்டே இருக்கிற பள்ளிக்கூடத்தில தங்கிப் படிக்கவேணும், இந்த வயசு போனாப் போனதுதான் எண்டு மடாம் சொன்னா. போடிங்கோடை ரெண்டு இடம் அவ அறிஞ்சது. ஒண்டு வின்னிபெக்கில, மற்றது ரொறன்ரோவில. எது பிள்ளைக்குப் பொருந்துமெண்டு மடாம் விளங்கப்படுத்திக்கொண்டே இருக்கிறா, இவள் அதுக்கிடையில “ரொறன்ரோவெண்டா அண்ணை இருக்கிறார்” எண்டிட்டாள். பள்ளிக்கூடம் தெரிஞ்செடுத்த லட்சணம் அதுதான்.

சோதனைக்கு மடாமே கூட்டிக்கொண்டு போனா. சந்தையில மாடு பாக்கிற மாதிரிப் பாதத்தைப் பிடிச்சு வளைச்சு, இடுப்பைத் திருப்பிப் பாத்தவையாம். எடுத்திட்டினம். பேந்து போடிங்கைப் பாக்கவெண்டு நாங்கள் மூண்டு பேரும் பஸ்ஸில வெளிக்கிட்டம்.

அங்கை பிள்ளையளுக்குப் பொறுப்பான மேற்றன் ஒரு நெடுவல் வெள்ளைக்காரி, முகம் கொடுத்துக் கதைக்கிறவ. சிவநேசம் கேட்ட கேள்வியெல்லாம் நான் இங்கிலீசில கேட்டன். படலை எத்தினை மணிக்குப் பூட்டுவியள், பெடியள் எந்தப் பக்கம் படுக்கிறவை, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா ஆர் பாக்கிறது, சோறு குடுப்பியளோ. கிழமைக்கு ஒருக்கா சோறு இருக்கு எண்டா மேற்றன். சிவநேசத்தின்ரை முகம் தொங்கிப் போச்சு. நாங்கள் இதுகளைக் கதைக்க, சாம்பவி ஒரு அறைக்குள்ளை போயிட்டாள். மூண்டு கட்டில் போட்ட அறை. யன்னல் கரையில இருந்த கட்டிலில ஏறி இருந்து, சப்பாத்தைக் கழட்டி, ரெண்டையும் சோடியாய்க் கட்டிலுக்குக் கீழ வைச்சிட்டாள். மேற்றன் சிரிச்சுக்கொண்டு, அப்ப இதுதான் உன்ரை கட்டில் எண்டு சொன்னா. அந்தப் பிள்ளை அவ்வளவு சந்தோசமாய் இருந்து நான் அதுக்கு முதலும் பாக்கேல்லை, பிறகும் பாக்கேல்லை.

அண்டிரவுச் சாப்பாடு அருமைநாதன் வீட்டில. நண்டுக் கறியும் முருங்கையிலைச் சொதியும். போடிங் எண்ட சொல்லைக் கேட்டதும் அந்தாள் சாப்பிட்ட கையோடை எழும்பிட்டார்.

“தாய்மாமன் நான் உயிரோடை இருக்கேக்கை, என்ரை மருமோள் ஆரோ வெள்ளைக்காரன்ரை போடிங்கில கிடக்கிறதோ? நாளைக்குச் சனம் என்ரை முகத்தில காறித் துப்பாதோ, சிவநேசம்?”

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் எண்டார். இஞ்சை அறை இருக்கு, மாமி சமைச்சுக் குடுப்பா, நான் பள்ளிக்கூடத்தில கொண்டுபோய் விடுவன் எண்டார். சிவநேசத்துக்குக் கண்ணால தண்ணி. எங்கடை சனத்துக்கு இது ஒரு வருத்தம். ஒரு ஊரில சொந்தக்காரன் இருந்தாப் போதும், அவன்ரை வீட்டை விட்டு வேற கூரைக்குக் கீழ பிள்ளையைப் படுக்க விட்டால் அவனைச் செருப்பால அடிச்ச மாதிரியாம். பிள்ளைக்கு எது வசதி எண்டு கடைசியாய்த்தான் யோசிப்பினம். சாம்பவி மட்டும் மெல்லமாய், “அம்மா, என்ரை கட்டில்?” எண்டு கேட்டாள். மாமா நல்ல கட்டில் வாங்கித் தருவார் எண்டு தாய் சொன்னாள்.

திரும்பி வரேக்கை பஸ்ஸில எனக்கு வாய் சும்மா இருக்கேலாமல் போச்சு. நானும் போடிங்கில படிச்சவள்தான். சோத்தில புழு கிடந்தாலும் மணியடிச்சா வகுப்பு, மணியடிச்சா படுக்கை, ஆரும் எங்களைப் பிள்ளை தூக்கச் சொல்லேல்லை எண்டன். தமையன்ரை பெண்சாதியின்ரை வயித்தைப் பாத்தனியோ, மாசியில அவவுக்கு ஆள் தேவைப்படும் எண்டன். சிவநேசம் என்னை எரிச்சுப்போடுற மாதிரிப் பாத்தாள். “அக்கா, உங்களுக்கு வாய்ச்ச சகோதரங்களை வைச்சு என்ரை அண்ணையை அளக்காதேங்கோ” எண்டாள். எனக்குச் சுள்ளெண்டு குத்திச்சு.

மேற்றனுக்குக் கட்டில் வேண்டாமெண்டு சொல்லச் சொல்லி என்னைத்தான் ரெலிபோனில கதைக்க விட்டவள். ரொறன்ரோவில பிள்ளைக்குப் பொறுப்பு ஆர் எண்டு பள்ளிக்கூடம் கேட்டதுக்கும் அண்ணையின்ரை பேர்தான் குடுத்தது. இங்கிலீசு தெரிஞ்ச மனிசன், எல்லாத்தையும் அவரே பாப்பாரெண்டு.

புரட்டாதி பிறக்க முதல் பஸ் ஏத்தப் போனம். பிள்ளையின்ரை கன்னத்தைப் பிடிச்சுக்கொண்டு சிவநேசம் சொன்னது இப்பவும் என்ரை காதில நிக்குது. “மாமா சொல்லுறதைக் கேள். மறுத்து ஒரு கதை கதைக்கக் கூடாது. அவர் இல்லாட்டி நாங்கள் இல்லை.” பிள்ளை தலையாட்டினாள்.

மார்கழியில நத்தார் லீவுக்கு வந்து நிண்டவள். காலெல்லாம் கொப்புளம், முகமெல்லாம் சிரிப்பு. திரும்ப என்ரை முகடு அதிர்ந்தது. நான் தும்புத்தடியைத் தொடேல்லை. ஆடடி பிள்ளை, வீடு இடிஞ்சு விழுந்தாலும் பறவாயில்லை எண்டு இருந்தன்.

மாசியில அருமைநாதனுக்கு ரெட்டைப் பிள்ளையள் பிறந்தது. அதுக்குப் பிறகு சாம்பவி வரேல்லை. பங்குனி விடுமுறைக்குக் கேட்டா, டான்ஸ் பழகிறது இருக்கு, வரேலாதெண்டு மாமன்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையில ரெலிபோன் எடுத்தா முதல் கதைக்கிறது அந்தாள். நேற்று ரீச்சர் மெச்சினவ, வருச முடிவு விழாவில வெள்ளை உடுப்புப் போட்டு முன் வரிசையில ஆடப்போறாள் எண்டு ஒண்டு விடாமல் சொல்லுவார். அதை இவள் கீழ இறங்கி வந்து எனக்குச் சொல்லுவாள். பிறகு பிள்ளை வந்து ஓம் அம்மா, ஓம் அம்மா எண்டு ரெண்டு தரம் சொல்லிப்போட்டு வைச்சிடும். பழகிக் களைச்சுப் போச்சாக்கும் எண்டு நாங்கள் நினைச்சம்.

விழாவுக்குத் தாய் தகப்பனுக்கு இடமில்லை எண்டு அருமைநாதன் சொன்னவர். ஆனா மடாம் லூசி விசாரிச்சு நாளைச் சொல்லிப்போட்டா. சிவநேசம் லீவு எடுத்து, பயித்தம் பணியாரம் சுட்டு, ஒருத்தருக்கும் சொல்லாமல் போய்ப் பிள்ளையைத் திகைக்க வைப்பம் எண்டாள். வாயிருந்தா வங்காளம் போகலாம், நான் வழி கேட்டுக் கேட்டு நேரே பள்ளிக்கூடத்துக்கே கூட்டிக்கொண்டு போனன்.

மத்தியானக் காட்சி. வெள்ளை உடுப்புப் பிள்ளையள் வரிசை வரிசையாய் வந்து ஆடுதுகள். இவள் கதிரை நுனியில இருக்கிறாள். ஒரு கூட்டம் வந்து போகும், எங்கடை பிள்ளை அதில இல்லை. அடுத்ததிலை வருவாள் அக்கா எண்டுவாள். அதிலயும் இல்லை. அந்த வெள்ளைப் பிள்ளையளுக்கை எங்கடை பிள்ளை கண்ணில படாமல் போகுமோ? கடைசியில எல்லாரும் சேர்ந்து குனிஞ்சு கும்பிட்டினம், திரை விழுந்திட்டுது. இவள் அப்பவும் எழும்பாமல் பணியாரப் பெட்டியைப் பிடிச்சுக்கொண்டு இருந்தாள்.

வெளியில மேற்றன் எங்களை அடையாளம் கண்டு ஓடி வந்தா. சாம்பவி எப்பிடி இருக்கிறாள், அவள் பள்ளிக்கூடத்தை விட்டு நிண்டது எங்களுக்குப் பெரிய கவலை எண்டு என்ரை கையைப் பிடிச்சா. மாசியிலயே மாமன் வந்து, குடும்பத்தோடை கதைச்சு முடிவெடுத்தாச்சு, தாய்க்கும் சம்மதம் எண்டு நிப்பாட்டினவராம். அடுத்த வருசம் திரும்பச் சோதிச்சுப் பாக்கலாம், கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டும் சொன்னா. அதை நான்தான் அவளுக்குத் தமிழில சொல்லவேண்டி வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைச்ச கதை கேட்டிருக்கிறம். தாயின்ரை பேரைச் சொல்லித் தாய்க்கே மறைச்சதை அண்டைக்குத்தான் கண்டன்.

அருமைநாதன் வீட்டுக் கதவைத் திறந்தது சாம்பவி. இடுப்பில ஒரு குழந்தை. தாயைக் கண்டு ஓடி வரேல்லை. குழந்தையை மற்ற இடுப்புக்கு மாத்திப்போட்டு வழி விட்டு நிண்டாள். வீட்டுக்குக் கிட்ட இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போறாளாம், வீட்டை வந்த நேரம் முழுக்கக் குழந்தையளைப் பாக்கிறாளாம்.

அந்தாளின்ரை முகத்தில ஈயாடேல்லை. மாமிக்கு உடம்பு ஏலாது, ஒருத்தரும் உதவிக்கு இல்லை, எங்கடை பிள்ளைதானே எண்டார். வளருற பொம்பிளைப் பிள்ளை தொடை தெரிய நிக்க, ஒரு பெடியன் இடுப்பில பிடிச்சுத் தூக்கிறான், அதை நான் எப்பிடிப் பாத்துக்கொண்டு இருக்கிறது எண்டார். எல்லாம் உன்ரை நன்மைக்கு எண்டு முடிச்சார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கோதாரி பிடிச்ச மனிசன் எண்டு வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு நிண்டன். அது அவள் கதைக்கவேண்டிய இடம்.

சிவநேசம் இருக்கேல்லை, அந்த வீட்டில பச்சைத் தண்ணியும் வாயில வைக்கேல்லை.

“நிப்பாட்டினதை விடுங்கோ அண்ணை. ஞாயிறு ஞாயிறாய்ப் பிள்ளை ஆடுறாள், ஆடுறாள் எண்டு எனக்குச் சொன்னியளே. எப்பிடி உங்களுக்கு மனம் வந்தது?”

உன்னைக் கவலைப்படுத்தக் கூடாதெண்டுதான் எண்டு அந்தாள் சொல்ல, இவள் குழந்தையைப் பிள்ளையின்ரை இடுப்பிலயிருந்து வாங்கி மெல்லமாய்த் தமையன்ரை மடியில வைச்சாள். அண்டைக்குத்தான் கடைசியாய் அவள் அவரை அண்ணை எண்டது. வேலியே பயிரை மேய்ஞ்சால் ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது? அவள் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை, அதாலதான் கோயிலில கண்டவளெல்லாம் கதைக்கிறா.

மொன்றியல் பஸ்ஸில தாயும் மகளும் ஒரு கதிரையில, நான் பின்னுக்கு. ஆனி மாச வெயில் இன்னும் இருந்தது. கொஞ்சத் தூரம் போகச் சிவநேசம் கெஞ்சத் தொடங்கினாள். அண்ணை இப்பிடி எங்களை ஏமாத்துவாரெண்டு நான் கனவிலயும் நினைக்கேல்லை பிள்ளை, மேற்றன் திரும்ப வரச் சொன்னவ, இந்தமுறை போடிங்கிலயே விடுறன், அந்தக் கட்டிலையே கேப்பம் எண்டாள். சாம்பவி வேண்டாமெண்டு தலையை ஆட்டினாள். அண்டைக்குத் தலையாட்டினவள் இண்டைக்குக் கொலிஜுக்கெண்டு சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ போய் வாறாள், பயோலொஜி படிக்கிறாள், நல்ல மார்க்ஸ். ஆடவெண்டு காலை மட்டும் பிறகு தூக்கினதில்லை.

தாய்க்கு அப்ப கோவமும் அழுகையும் ஒண்டாய் வந்திட்டுது. ரெலிபோனில ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதோ, பக்கத்தில மாமா நிண்டா என்ன, அம்மா எண்டு கத்தியிருந்தா அண்டைக்கே ஓடி வந்திருப்பனே எண்டாள்.

சாம்பவி யன்னலைப் பாத்தபடி சொன்னாள்:

“மாமா சொல்லுறதைக் கேள் எண்டு நீங்கள்தானே அம்மா சொன்னனீங்கள். கேட்டனான்.”

பணியாரப் பெட்டி சிவநேசத்தின்ரை மடியில திறக்காமலே கிடந்தது. மொன்றியலில இறங்கேக்கை அதை நான்தான் எடுத்துக்கொண்டு வந்தனான்.