ஒரு வலது கைக்காக இருந்த உபவாசம்

எண்பதுகளின் நடுவில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தேன். மின்சார சுவிட்சு செய்கிற ஒரு கம்பெனி. எங்களைப் போன்ற பெண்கள் நிறையப் பேர் அங்கே இருந்தோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்து, என்னோடு அதே கம்பெனியில் சேர்ந்த ஒருத்தியோடு தங்கியிருந்தேன். அவளுக்கு ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். விவசாயக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், கடைக்காரரிடம் பேரம் பேசக் கன்னடம் என்று மூன்றையும் கலந்து வைத்திருந்தாள். நான் "வாங்க, போங்க" என்று நீட்டி இழுத்துப் பேசுவதைக் கேட்டு, "உங்க ஊர்ல பாட்டாவே பேசுவீங்களாடி?" என்று கேலி செய்வாள். காலையில் எனக்குத் தலைபின்னி விடுவதும் அவள்தான். என் கைக்கு அந்த இறுக்கம் வராது.

அவளுக்குப் பிரஸ் மெஷினில் வேலை. காலால் மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கிப் பித்தளைத் தகட்டை வெட்டும். ஒரு நாள் காலை ஷிப்டில், நான் என் மேஜையில் திருகாணி மாட்டிக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கத்து மெஷின் சத்தம் மட்டும் திடீரென்று நின்றது. திரும்பிப் பார்த்தேன். வலது கையைப் பழந்துணியில் சுற்றி இடது கையால் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. நான் ஓடியதும், "ஒன்னும் இல்லடி, ஒன்னும் இல்ல" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

கம்பெனி ஜீப்பில் பெங்களூருக்குக் கொண்டுபோனோம். அத்திப்பள்ளி செக்போஸ்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அவள் தலை என் மடியில் இருந்தது. முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. சின்ன வயதிலிருந்து ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனவள் நான். மனப்பாடமாக எத்தனையோ ஜெபங்கள் தெரியும். அன்றைக்கு ஒன்றும் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, இந்த லாரியை நகத்தும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். டிரைவர் மண்ணில் இறக்கி ஓரமாகவே ஓட்டிக் கடந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் செய்தார்கள். வெளியே வந்த டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். விரல்கள் நசுங்கிவிட்டன, சேர்த்துத் தைத்திருக்கிறோம், ரத்த ஓட்டம் திரும்பினால் நல்லது, கருத்துக்கொண்டே போனால் மணிக்கட்டு வரைக்கும்கூட எடுக்க வேண்டி வரலாம், அடுத்த வாரம் கட்டைப் பிரித்தால்தான் தெரியும். மறுநாள் அவளுடைய அம்மா ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். மகளைப் பார்த்துவிட்டு, வார்டுக்கு வெளியே வராந்தாவில் ஒரு போர்வையை விரித்து உட்கார்ந்தவர்தான், அங்கிருந்து நகரவில்லை. நான் வேலைக்குத் திரும்பினேன்.

ஓசூரில் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு கன்னடக்கார அக்கா வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம் நடக்கும். ஏழெட்டுப் பெண்கள் வருவார்கள். பலமுறை கூப்பிட்டும் நான் போனதில்லை. காலை ஷிப்ட் முடிந்து வரும்போது எனக்கு உலகத்திலேயே முக்கியமான விஷயம் சாப்பாடுதான். அந்த வெள்ளிக்கிழமை நானாகவே முடிவுசெய்தேன். விடிந்ததிலிருந்து தண்ணீர் மட்டும் குடித்தேன். கேன்டீனில் சாம்பார் வாசனை வந்தபோது வயிறு பிசைந்தது. பசி வந்ததுமே அவள் கை ஞாபகம் வந்தது. இப்படியே அன்று முழுவதும் நடந்தது. மணியடித்துக் கூப்பிட்ட மாதிரி பசி வந்து கூப்பிடும். நான் மெஷின் சத்தத்துக்கு நடுவே, "அந்தக் கையப் பாத்துக்கிடும் ஆண்டவரே" என்பேன். உபவாசம் எதற்கு என்று அதுவரை எனக்கு யாரும் சொன்ன விளக்கம் எதுவும் மனதில் நிற்கவில்லை. அன்றைக்கு என் வயிறே சொல்லிக்கொடுத்தது.

அக்கா வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அவள் எங்கள் மதமில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். "கைக்கு என்ன மதம்?" என்றார் ஒருவர். எல்லாரும் முழங்கால் போட்டார்கள். அக்கா கன்னடத்தில், "அப்பா, ஆ கை உளிசப்பா" என்று குரல் உடைந்து கேட்டார். பார்த்தே இராத ஒருத்தியின் கையைக் காப்பாற்றச் சொல்லி இன்னொருவரும் தெலுங்கில் அழுதார். என் முறை வந்தபோது எனக்கு ஜெபமாக எதுவும் வரவில்லை. அவள் வேர்க்கடலை உரிக்கிற வேகத்தை, எனக்குப் பின்னல் போடுகிற பிடியைத்தான் சொன்னேன். "அந்த விரல் எல்லாம் வேணும்" என்று முடித்தேன்.

அன்று மாலையே பஸ் பிடித்துப் பெங்களூர் போனேன். அக்கா ஒரு தூக்கில் கஞ்சியும் துவையலும் கொடுத்திருந்தார். வராந்தாவில் உட்கார்ந்து அம்மாவுக்கு ஊற்றிக் கொடுத்தபோது, "நீ துன்னியா பாப்பா?" என்று கேட்டார்.

"இன்னைக்கு எங்க ஜெபம்மா. காலையில இருந்து சாப்பிடல. இப்ப உங்க கூடச் சாப்பிடலாம்."

"எதுக்கு?"

"அவ கைக்காக."

அவர் கஞ்சியைக் கீழே வைத்தார். "ஊரு பேரு தெரியாத பொம்பளைங்க எல்லாம் எம்மவளுக்காகப் பட்டினி கெடந்தாங்களா? நான் மத்தியானம் இட்லி துன்னுட்டனே!" என்று கண்கலங்கினார். நான் சமாதானம் சொல்லிச் சாப்பிட வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை. நான் லீவு போட்டு அங்கேயே தங்கியிருந்தேன். காலையில் இட்லி வாங்கி வந்தால் அம்மா தொடவில்லை. "சனிக்கெழம பாப்பா. பெருமாளுக்கு ஒருபொழுது. நேத்து நீ இருந்த, இன்னைக்கு நான். உங்க சாமியும் எங்க சாமியும் ஆளுக்கொரு நாள் பாத்துக்கட்டும்" என்றார். அவர் பட்டினி இருக்கும்போது எதிரே உட்கார்ந்து சாப்பிட எனக்கும் மனம் வரவில்லை. அதை மோப்பம் பிடித்தவர் போல, "நீ துன்னு. ரெண்டு பேரும் மயங்கி வுழுந்தா அவள யாரு பாக்கறது?" என்று அதட்டினார். தின்றேன்.

திங்கட்கிழமை கட்டைப் பிரித்தார்கள். கை பிழைத்துவிட்டது. ஆனால் மோதிர விரலையும் சுண்டு விரலையும் காப்பாற்ற முடியவில்லை, எடுத்துவிட்டார்கள். அடுத்த வெள்ளி அக்கா வீட்டில் எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஜெபம் முடிந்ததும் அக்காவிடம் கேட்டேவிட்டேன்: "முழுக் கைக்குத்தானக்கா கேட்டோம்? பாதி குடுத்தா என்ன அர்த்தம்?"

அக்கா கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். "எனக்கும் தெரியாதம்மா" என்றார். "மூணு பெரளு, மூணு விரல் இருக்குதே. அது மடங்கணும், நீட்டணும். அதுக்குக் கேக்கலாம், குடி." அவர் வேறு ஏதாவது சமாதானம் சொல்லியிருந்தால் நான் அந்த வீட்டுக்கு மறுபடி போயிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

நான் உபவாசம் இருக்கிற விஷயம் அவளுக்கு அதன்பிறகுதான் தெரிந்தது. அம்மாதான் சொல்லிவிட்டார். நான் வார்டுக்குள் நுழைந்ததும் என்மேல் பாய்ந்தாள்.

"நீ பட்டினி கெடந்தா என் கை ஒட்டுமா? சாமி வந்து கேட்டுச்சாடி உன்ன?"

"கேக்கல. எனக்கு வேற என்ன செய்யத் தெரியும், சொல்லு? மருந்து குடுக்கத் தெரியுமா, தைக்கத் தெரியுமா?"

கட்டுப் போட்ட கையை இடது கையால் தூக்கித் தலையணைமேல் வைத்தாள். பிறகு, "செரி, இருக்கறதுதான் இருக்கற. கட்ட வெரல மொதல்ல அசைக்கச் சொல்லு. அது இருந்தா பாக்கிய நான் பாத்துக்குவன்" என்றாள். விபத்துக்குப் பிறகு அவள் தன் நாளையை நினைத்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

அசையவில்லை. வாரங்கள் போயின. நான் வெள்ளி, அம்மா சனி. டாக்டர் ஒவ்வொரு முறையும் "முயற்சி செய்" என்பார், அவள் பல்லைக் கடித்து முயல்வாள், வியர்வைதான் கொட்டும். ஒரு நாள் நர்ஸ் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது, ஈ ஒன்று அவள் கையில் உட்கார்ந்தது. யாரும் சொல்லாமல், அவளே நினைக்காமல், கட்டைவிரல் சிலிர்த்து மடங்கியது. அம்மா "கோவிந்தா!" என்றும் நான் "ஸ்தோத்திரம்!" என்றும் ஒரே நேரத்தில் கத்தினோம். நர்ஸ் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவளோ எங்கள் இரண்டு பேரையும் கவனிக்கவே இல்லை. மறுபடி மடக்கிப் பார்த்தாள். மடங்கியது. அப்போதுதான், அந்த ஜீப்பில்கூட அழாதவள், அழுதாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் ஊருக்குக் கூட்டிப் போனார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ராயக்கோட்டை பஸ் ஏறிப் போனேன். வீட்டில் யாரும் இல்லை. எல்லாரும் தக்காளித் தோட்டத்தில் இருந்தார்கள். வரப்பில் ஒரு கூடையை வைத்துக்கொண்டு அவளும் பறித்துக்கொண்டிருந்தாள். பந்தை அமுக்கிப் பழகு என்று டாக்டர் கொடுத்தனுப்பியது அவளுக்குச் சலித்துப் போய்விட்டதாம்.

"ஆரம்பத்துல எல்லாம் நசுங்கிப் போச்சுடி. எங்கப்பா மார்க்கெட்டுக்கு அனுப்ப வேண்டியது அத்தனையும் மாட்டுக்குத்தான். இப்ப பாரு" என்றாள். நன்றாகப் பழுத்த ஒன்றை மூன்று விரலால் சுற்றிப் பிடித்து, திருகி, காம்போடு எடுத்துக் காட்டினாள். தோல் கீறவில்லை.

"மூணு போதும்டி. சோறு துன்ன, கையெழுத்துப் போட, உன்னக் கிள்ள" என்றாள். "அந்த ரெண்டும் சும்மா கூட நின்னதுங்கதான்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு முழுவதுமாக வரவில்லைதான். ஆனாலும் வந்தது.

அந்த வருடக் கடைசியில் அவள் வேலைக்குத் திரும்பினாள். பிரஸ் பக்கம் போகவில்லை. செய்து முடித்த சுவிட்சுகளைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் போட்டார்கள். முதல் நாள் அந்த மெஷினைக் கடந்து போகும்போது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வலது கையால்தான் பிடித்தாள். எனக்கு வலித்தது. வலிக்கிறது என்று நான் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கமாகப் பிடிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.