சலேத்தம்மாளின் சண்டை

ஆம்பூரில் நாத்தனாரின் கல்யாணப் பந்தலைப் பிரித்த அன்றே சலேத்தம்மாளுக்கு இடுப்பு வலி கண்டது. ஆறாம் மாதம். முதல் பிள்ளை தங்காமல் போனதும் இதே மாதத்தில்தான். தோல் கிடங்கில் வேலை போன கணவன் ராயப்பன் கோலார் தங்கச் சுரங்கத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். சொன்னால் அவன் போகமாட்டான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடமாடினாள்.

அவன் வாசலைத் தாண்டும்போது, அவள் கதவைப் பிடித்தபடி சரிந்தாள். புடவையெல்லாம் ரத்தம்.

"இன்னாடி, எங்கிட்ட சொல்லக் கூடாதா?" என்று மூட்டையைப் போட்டுவிட்டு அவளைத் தாங்கிக்கொண்டான். மாமியார் மருத்துவச்சியைக் கூட்டிவர ஓடினாள். அவர்கள் வரும்வரை ராயப்பன் மாதாவை நோக்கி ஜெபம் சொன்னான். நாக்குக் குழறிய இடங்களில் வலியோடு அவளே எடுத்துக்கொடுத்தாள்.

பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. அழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் மாதா கோயில் பூசைக்கு எழுந்தபோது மாமியார் தடுத்தாள். "உடம்பு தேறட்டும், படுத்துக்கம்மா."

"சாமிகிட்ட எனக்குச் சண்டை இருக்குது அத்தே. அங்க போகாம வேற யார்கிட்ட போய்க் கேக்கறது?"

ராயப்பன் கைத்தாங்கலாக அழைத்துப்போனான். பூசை முடியும்வரை அவள் முழங்கால் போடவில்லை. எல்லாரும் கலைந்த பிறகு, யாரும் சொல்லாமலே முழங்கால் போட்டாள், வெகுநேரம் அழுதாள்.

உடம்பு தேறியதும் ராயப்பன் கோலாருக்கு ரயிலேறினான். இந்த முறை சலேத்தம்மாளும் கூடவே ஏறினாள்.