மலைக்கு மாதம் குறித்தவர்

புதுச்சேரியில் மலை கிடையாது. கோரிமேட்டுச் செம்மண் மேட்டைக் காட்டி மலை என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. அவர்களை ஜூல் அண்ணன் மனிதராகவே மதிக்கமாட்டார். தரையோடு தரையாகக் கிடக்கும் இந்த ஊரில், எந்த மலைக்கு எந்த மாதம் போகலாம் என்று கேட்க வேண்டுமானால் அவரிடம்தான் போக வேண்டும்.

பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாகச் சேர்ந்து சைகோனில் பல வருடம் இருந்தவர் அவர். அங்கே தாலாத் என்கிற மலையூரில் காவல் வேலை பார்த்தபோது மலைப் பித்து பிடித்துக்கொண்டது. ஐம்பத்து நாலில் ரெத்ரேத் ஆகி, ஓய்வூதியத்தோடு மனைவி ஜாக்லினோடு முதலியார்பேட்டைக்கு வந்து சேர்ந்தார். அந்த வருடம் நவம்பரில்தான் எல்லையில் இருந்த சுங்கச் சாவடிகளை எடுத்தார்கள். அதுவரை திண்டிவனம் போய் வருவதற்குள் பையைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். சாவடி போனதும் ஊரே சந்தோஷப்பட்டது. ஜூல் அண்ணன் சந்தோஷப்பட்டதற்குக் காரணம் வேறு. செஞ்சிக்குக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாமே!

நான் மேரியில், அதாவது நகரசபை அலுவலகத்தில், பிறப்பு இறப்பு எழுதும் குமாஸ்தா. ஏதோ சான்றிதழுக்காக வந்தவர் என் கால்களைப் பார்த்தார். "தம்பி, உனக்கு நல்ல காலு. இத்த வெச்சிகிட்டு நாற்காலில உக்காந்து வீணாப் போறியே" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவரோடு மயிலம் குன்றில் நின்றேன். கல்யாணம் ஆகாதவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மிகவும் நீளம்.

அதற்குப் பிறகு எட்டு வருடம். வைத்திக்குப்பத்து மீனவர் சாமிக்கண்ணு, கடலுக்குப் போகாத நாளில் எங்களோடு வருவார். மலைகளை அண்ணன் சொம்புக் கணக்கில் அளப்பார். ஏறி இறங்க எத்தனை சொம்புத் தண்ணீர் வேண்டுமோ, அதுதான் அந்த மலையின் கஷ்டம். மயிலம் அரைச் சொம்பு. செஞ்சிக் கோட்டையில் கிருஷ்ணகிரி இரண்டு சொம்பு, ராஜகிரி மூன்று. பர்வதமலை ஆறு. அதற்கு மேல் அவர் அளந்ததில்லை.

மாதம் விஷயத்தில் அவர் பஞ்சாங்கக்காரரைவிட மோசம். "ஆடியில ராஜகிரியா? காத்து ஆளத் தூக்கிடும், போவாத." "ஐப்பசி கார்த்திகையில பாறையெல்லாம் பாசி. மயிலத்தோட நிறுத்திக்க." பர்வதமலைக்குத் தை, மாசி மட்டும். சித்திரை, வைகாசியில் எந்த மலையும் கூடாது. அந்த இரண்டு மாதமும் அவர் கடற்கரையில் உட்கார்ந்து காற்று வாங்குவார். அவர் சொல்லைக் கேட்டுப் போனவர்கள் யாரும் காலை உடைத்துக்கொண்டு வந்ததில்லை. அதை நான் ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

எனக்கு அவர்மேல் இருந்த ஒரே மனத்தாங்கல் ஜாக்லின் அண்ணியைப் பற்றியது. விடியுமுன் எழுந்து எலுமிச்சம் சோறும் வறுத்த மீனும் கட்டிக் கொடுத்து, வாசலில் நின்று எங்களை அனுப்புவார். ஒவ்வொரு தையிலும் கேட்பார், "ஒரு தடவ நானும் வரட்டுமா?"

அண்ணிக்கு இழுப்பு உண்டு. அதனால் அண்ணன் ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் வைத்திருப்பார். இந்தத் தையில் பனி அதிகம், மூச்சுக்கு ஆகாது. மாசியில் வேறொரு மலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டோம். போன மழையில் படி பெயர்ந்திருக்கிறது, சரிசெய்யட்டும். "நல்ல மாசமாப் பாத்துக் கூட்டிப் போறேன், அவசரப்படாத" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே பயந்தார்.

அறுபத்திரண்டு ஏப்ரலில், பிரான்சில் தூலோன் நகரத்தில் குடியிருந்த மகளின் கடிதம் வந்தது. வயதான காலத்தில் இரண்டு பேரும் தனியாக இருக்க வேண்டாம், இங்கேயே வந்துவிடுங்கள் என்று. ஜூன் முதல் வாரத்தில் கொழும்பில் கப்பல். அண்ணி பெட்டி கட்டினார், பாத்திரங்களை அக்கம்பக்கத்தில் கொடுத்தார். ஒரு நாள் என் முன்னாலேயே அண்ணனைக் கேட்டார்.

"திரும்பி வரப்போறதில்ல. இப்பவாவது கூட்டிப் போறீங்களா, இல்ல அப்படியே கப்பல் ஏறட்டுமா?"

அக்கினி நட்சத்திரம் தொடங்கியிருந்த நேரம். அண்ணன் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். பிறகு, "கிருஷ்ணகிரி. படி நல்லா இருக்கும்" என்றார். அண்ணி முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் செஞ்சி போய்ச் சேர ஒன்பது ஆகிவிடும். முதல் நாளே போய்த் தங்கி, ஆறு மணிக்கு ஏறலாமே என்றேன்.

"வேணாம், அவளுக்குப் புது எடத்துல தூக்கம் வராது. காலையில கொஞ்சம் வெயில்தான். பதினொன்றரைக்கெல்லாம் காத்து எழும்பிடும்ல" என்றார். கூட இருந்த சாமிக்கண்ணுவும் தலையாட்டினார். நானும் சரி என்றேன். சித்திரையில் வெயில் எவ்வளவு கொளுத்தினாலும், மதியத்துக்கு முன்னால் கடற்காற்று வந்து காப்பாற்றிவிடும் என்பது எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் சந்தேகமில்லாத விஷயம். அந்த மாதத்தில் அண்ணன் ஒரு மலையையும் தொட்டதில்லை. ஆகவே அந்த மாதத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் புதுச்சேரிக் கடற்கரை மட்டும்தான்.

சாமிக்கண்ணுவுக்கு அன்று கடலில் வேலை. நாங்கள் மூன்று பேர் மட்டும் போனோம். அண்ணி பத்துப் படிக்கு ஒருமுறை நின்றார். அண்ணன் குடை பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். பாதி மலையில் ஒரு பாறை இடுக்கில் நிழல் கிடைத்தது. பதினொன்றரை ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. ஓர் இலை அசையவில்லை. கல்லில் கை வைக்க முடியவில்லை. அண்ணிக்கு இழுப்பு கண்டது.

"காத்து வந்துடும், இரு, வந்துடும்" என்று அண்ணன் கிழக்கே பார்த்தபடி சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"செஞ்சிக்கு எங்கண்ணே கடக்காத்து வரும்? கடலு நாப்பது மைலுக்கு அப்பால கெடக்குது!"

அவர் முகம் விழுந்துவிட்டது. முட்டாள்தனத்தை அப்போதுதான் உணர்ந்தார். ஈரத் துண்டால் அண்ணியின் முகத்தைத் துடைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு சீரானது. "இறங்கிடலாம் ஜாக்லின். என்னை மன்னிச்சுடு. உச்சியக் காட்டாமயே கூட்டிப் போறேன்" என்றார். அந்த மனிதர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அண்ணி நிதானமாகச் சொன்னார். "உச்சிய நா எப்பக் கேட்டேன்? மலை ஏறும்போது அண்ணன் வாயே ஓயாது, சைகோன் கதையெல்லாம் வரும்னு இந்தத் தம்பி சொல்லும். வீட்டுல நீங்க நாலு வார்த்தைக்கு மேல பேசறதில்ல. அதைக் கேக்கத்தான் வரேன்னேன்."

நான் உச்சியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்தேன். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எனக்கு வேலை இல்லை. ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வந்தபோது, அண்ணன் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணி சிரித்துக்கொண்டிருந்தார். நான் வந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. வெயில் தணிந்த பிறகு மெதுவாக இறங்கி, கடைசி பஸ்ஸைப் பிடித்தோம்.

ஜூனில் அவர்கள் போய்விட்டார்கள். அதன்பின் நானும் சாமிக்கண்ணுவும் ஒருமுறை மயிலம் போனோம். சைகோன் கதை சொல்ல ஆளில்லை. மறுமுறை போகவில்லை.

அந்த டிசம்பர் கடைசியில் தூலோனிலிருந்து எனக்கு அண்ணனின் கடிதம் வந்தது. குளிர் தாங்காமல் அண்ணி இறந்துபோயிருந்தார். மருத்துவமனை, அடக்கம், மகள், எல்லாம் இரண்டு வரியில் எழுதியிருந்தார். கீழே கையெழுத்துக்கு முன்னால் இன்னும் ஒரு வரி.

"எல்லா வருஷமும் தை மாதம் வந்தது, ஆதிமூலம். நான்தான் அவளைக் கூட்டிப் போகவில்லை."